மலர்ந்த மனமே கற்கும்



நம்மவருள் ஆசிரியப் பணி பூண்டோர் பலர். ஒரு தலைமுறையில் இல்லாவிடினும் மறு தலைமுறையில் ஓர் ஆசிரியரேனும் இல்லாத இல்லம் நம்மிடையே அரிது. ஆகவே வகுப்பறையைப் பற்றிய பேச்சு நமக்கு அயலார் பேச்சன்று. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சே ஆகும். இவ்விதழில் நாம் பயில எடுத்துக்கொள்ளும் பொருள், மகிழ்ச்சிக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பாகும். மகிழ்ந்த மனம் உடையோர் வகுப்பறையிலும் தொழிலிடத்திலும் செம்மையாகச் செயலாற்றுகின்றனரா? ஆம் எனின், அஃது எதனால் நிகழ்கிறது? அதற்கு நாம் செய்யத் தக்கது யாது?

பொதுவாக நம் எண்ணம் எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் நோக்குவோம். முதலில் உழைப்பு, அதன்பின் வெற்றி, வெற்றிக்குப் பின்னரே மகிழ்ச்சி என்று நாம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். "தேர்வு முடியட்டும், பிறகு சிரிக்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லாத பெற்றோர் சிலரே. யாமும் ஆசிரியையாக அவ்வாறே சொன்னோம். இவ்வரிசையில் மகிழ்ச்சிக்குரிய இடம் கடைசியன்று, முதலாவது என்பதை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணிக்காலத்தின் நடுப்பகுதியிலேதான் உணர்ந்தோம். அவ்வுணர்வுக்கு யாம் கொடுத்த விலை சிறிதன்று. அதனை மறைக்காமல் முதலில் கூறிவிடுகிறோம்.

எமது பிழை

1970களின் தொடக்கம் அது. இடைநிலை ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் யாம் பணியேற்றிருந்தோம். அந்நாளில் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வட்டம். 1993இல் அது விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 2019 நவம்பர் 26 அன்றுதான் தனி மாவட்டமாயிற்று. மலைமேல் இருந்த பல சிற்றூர்களுக்கு அக்காலத்தில் ஒற்றையடிப் பாதையே வழி. பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்பிய மலைவாழ் பெற்றோர் சிலர், அடிவாரத்து உறவினர் வீட்டில் அவர்களை விட்டுச் செல்வர்.

அவ்வாறு விடப்பட்ட சிறுமி ஒருத்தி எமது நான்காம் வகுப்பில் இருந்தாள். நாள்தோறும் முதல் மணி அடித்த பிறகே வருவாள். வாய்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஏழாம் வாய்பாட்டின் நடுவே நின்றுவிடுவாள். முதல்நாள் மாலை தோழியரோடு ஆடிக்கொண்டே தடையின்றிச் சொன்னவள், மறுநாள் காலை எம் முன் நின்று விழிப்பாள். அதனை யாம் திமிர் என்று கருதினோம். பிரம்பை எடுத்தோம். முதல்நாள் ஏழெட்டு மறந்தது. மூன்றாம் நாள் ஏழிரண்டும் மறந்தது. அடிக்க அடிக்க அறிவு குறைவதை எம் கண்களே கண்டன. ஆயினும் இன்னும் அடித்தால் சரியாகும் என்றே நினைத்தோம். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்!

இரண்டாம் வாரம் அவள் வரவில்லை. சொல்லியனுப்பியபோது, "மலைக்கே போயிட்டா டீச்சர்" என்ற விடை வந்தது. உடன் பயின்ற சிறுமி ஒருத்தி பிறகு விவரம் சொன்னாள். விடியலில் எழுந்து தொழுவத்தைப் பெருக்கிச் சாணம் அள்ளிவிட்டு, ஒன்றும் உண்ணாமலேயே அவள் பள்ளிக்கு ஓடிவருவாளாம். நீண்ட நாள் வாராமை என்று குறித்து, வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் யாமே அடித்தோம். அவள் கற்கும் திறனற்றவள் அல்லள். பசியும் அச்சமும் நிறைந்த மனத்தில் ஏழாம் வாய்பாட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. இதனை அன்று எமக்கு எவரும் கற்பிக்கவில்லை. யாமும் கற்க முயலவில்லை.

கடுக்காய் கற்பித்த வகுத்தல்

1980களின் பிற்பகுதியில் யாம் ஆசிரியப் பயிற்றுநராகிவிட்டோம். பயிற்சிபெறும் மாணவ ஆசிரியைகளைக் கற்பித்தற் பயிற்சிக்காக மலைமேல் இருந்த தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு ஒருமுறை அழைத்துச் சென்றோம்.

கல்வராயன் மலை வடபுறம் சின்னக் கல்வராயன் என்றும் தென்புறம் பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் உடையன. அங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களது மரபுரை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிப்பர். கடுக்காய் பொறுக்கி விற்பர்.

மூன்றாம் வகுப்பில் வகுத்தல் பாடம் நடந்தது. மாணவ ஆசிரியை கரும்பலகையில் 48ஐ 6 ஆல் வகுக்கும் கணக்கை எழுதி, ஒரு சிறுவனை எழுப்பினார். அவன் தலை கவிழ்ந்தான். மீண்டும் கேட்டார், மேலும் கவிழ்ந்தான். பாடம் அத்துடன் நின்றது. "இம்மாணவனுக்கு எண்ணறிவு இல்லை" என்று தம் குறிப்பேட்டில் அவர் எழுதிக்கொண்டார். அக்குறிப்பில் யாமும் கையொப்பமிட்டோம்.

அன்று மாலை பள்ளிக்கு அருகே பலாமரத்தடியில் சிறுவர் சிலர் சிரிப்பும் கூச்சலுமாக அமர்ந்திருந்தனர். ஐவர் சேர்ந்து பொறுக்கிய கடுக்காயைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். பங்கிடும் பொறுப்பைக் காலையில் தலைகவிழ்ந்த அதே சிறுவனிடம் மற்றவர் ஒப்படைத்திருந்தனர். குவியலில் 78 காய்கள் இருந்தன. ஆளுக்கு ஐந்தைந்தாக மூன்று சுற்று வைத்தான். எஞ்சிய மூன்றைக் கையில் எடுத்து, "ஆளுக்குப் பதினஞ்சு, மிச்சம் மூணு சின்னவளுக்கு" என்று கூறி, அருகில் நின்ற தங்கையின் மடியில் போட்டான். காலையில் யாம் வைத்த கணக்கில் மீதியே இல்லை. அதைவிடக் கடினமான கணக்கை, மீதியோடும் நியாயத்தோடும், அவன் ஒரு நொடியில் முடித்துவிட்டான்.

மறுநாள் மாணவ ஆசிரியை ஒரு கூடைக் கடுக்காயோடு வகுப்பில் நுழைந்தார். பிள்ளைகள் முகம் மலர்ந்தனர். காயை வைத்துப் பங்கிட்டனர். பங்கிட்டதைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினர். பின்னர் கோட்டை எண்ணாக எழுதினர். நண்பகலுக்குள் அச்சிறுவன் காயைத் தொடாமலேயே 48ஐ 6 ஆல் வகுத்தான். பிறகு அவன் கேட்டது இன்றும் எம் செவியில் ஒலிக்கிறது: "இன்னொரு கணக்குக் குடுங்க டீச்சர்."

விடை சரியாக வந்ததைவிட இவ்வேண்டுகோளே எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அச்சத்தாற் கற்பவன் எப்போது மணி அடிக்கும் என்று காத்திருப்பான். மகிழ்ந்து கற்பவன் அடுத்த கணக்கைக் கேட்பான். அன்றிரவு, சிவப்பு மையால் யாம் அடித்த பெயர் நினைவுக்கு வந்து உறக்கம் கொள்ளவில்லை.

அச்சம் அறிவை அடைப்பது எவ்வாறு?

இவ்விரு நிகழ்ச்சிகளையும் உளவியல் அறிவு எவ்வாறு விளக்குகிறது என்பதைக் காண்போம். நம் மனம் ஒரே வேளையில் கையில் ஏந்தக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. ஒரு கணக்கைச் செய்யும்போது எண்களை நினைவிற் கொள்ளவேண்டும், அடுத்த படியை எண்ணவேண்டும், செய்ததைச் சரிபார்க்கவும் வேண்டும். இவற்றுக்கே அச்சிறிய இடம் போதாது. "தவறினால் அடி விழுமோ, பிறர் சிரிப்பரோ" என்னும் கவலையும் அங்கே வந்து அமர்ந்துகொண்டால் எண்கள் வெளியே தள்ளப்படுகின்றன. தோழியரோடு ஆடும்போது வந்த ஏழாம் வாய்பாடு பிரம்பின் முன் வாராமற் போனது இதனாலேயே.

மகிழ்ச்சி இதற்கு மறுதலையான வேலையைச் செய்கிறது. அமெரிக்க உளவியலறிஞர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் 1998 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் இக்கருத்தை விரித்துரைத்தார். அச்சம் மனத்தை ஒரே வழியில் குறுக்குகிறது. ஓடு அல்லது ஒளிந்துகொள் என்கிறது. மகிழ்ச்சியும் ஆர்வமும் மனத்தின் பார்வையை விரிக்கின்றன. விரிந்த பார்வையில் புதிய வழிகள் தென்படுகின்றன. அவ்வாறு கண்ட வழிகளும் பெற்ற நட்பும் அந்நேர மகிழ்ச்சி மறைந்த பின்னும் தங்கி, பிற்காலத்துக்கு முதலாகின்றன.

ஆய்வுகள் கூறுவன

ஆலிஸ் ஐசன் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. ஒருவரிடம் ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள் ஆகியன தரப்படும். மெழுகு தரையில் சொட்டாதவாறு மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தவேண்டும். குத்தூசிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் குத்தி, அதனையே தாங்கியாக்கி அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதே தீர்வு. பெட்டியை ஊசி வைக்கும் பொருளாக மட்டும் காண்பவருக்கு இத்தீர்வு தோன்றாது. முன்னதாகச் சிறிய நகைச்சுவைப் படம் ஒன்றைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் இத்தீர்வைக் கண்டறிந்தோர், மற்றவர்களைக் காட்டிலும் மிகுதியாயிருந்தனர்.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆஸ்வால்ட், யூஜெனியோ புரோட்டோ, டேனியல் ஸ்க்ரோய் ஆகிய மூவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு தொழில்திறனைப் பற்றியது. 700க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். ஐந்து ஈரிலக்க எண்களைக் கூட்டும் கணக்குகளைப் பத்து நிமிடத்தில் இயன்றவரை செய்யவேண்டும். சரியான விடைக்கு ஊதியம் உண்டு. சிலருக்கு முன்னரே நகைச்சுவைக் காட்சி காட்டப்பட்டது. வேறு சிலருக்குப் பழமும் இனிப்பும் பருகுவனவும் அளிக்கப்பட்டன. மகிழ்வூட்டப்பட்டோரின் செயல்திறன் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்து காணப்பட்டது. அண்மையில் குடும்பத்தில் இறப்பையோ கொடிய நோயையோ கண்டவர்களின் திறன் ஏறத்தாழ 10 விழுக்காடு தாழ்ந்திருந்தது என்பதும் அவ்வாய்வின் முடிவு. வீட்டில் துயருற்ற பிள்ளை வகுப்பில் பின்தங்குவது சோம்பலால் அன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவற்றைப் படிக்கும்போது நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானம் எம் நினைவுக்கு வருகிறது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் ஆகிய நான்கையும் ஒருங்கே எண்ணிவைத்தனர். உணவும் அஞ்சாமையும் உடல்நலமும் கல்வியும் ஒரே வரிசையில் நிற்பதன் பொருத்தத்தை, ஆசிரியப் பணியில் முதிர்ந்த பிறகே யாம் முழுமையாக உணர்ந்தோம்.

தொழிற்களத்திலும் அஃதே

வகுப்பறைக்கு உரியது தொழிலிடத்துக்கும் உரியதா? மலையே இதற்கும் விடை தருகிறது. கல்வராயன் மலையில் ஜாகிர் முறை 1976 வரை நிலவியது. ஜாகிர்தார் நிலத்தில் மலைமக்கள் ஊதியமின்றி உழைக்கவேண்டியிருந்தது. அக்காலத்தைக் கண்ட மூதாட்டி ஒருவரிடம் யாம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார்: "அங்கே கை மட்டுந்தான் வேலை செய்யும் டீச்சரம்மா, மனசு வூட்டுல கெடக்கும். நம்ம சாமைக் கொல்லையில மனசும் கூட வந்து களை பறிக்கும்." எழுதப் படிக்கத் தெரியாத அப்பெருமாட்டியின் இச்சொல்லை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் யாம் எடுத்துரைத்திருக்கிறோம்.

மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால், அங்குள்ள மரச்சிற்பத் தொழில் வேறொரு பாடம் கூறுகிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் இது. சிற்பக்கூடம் ஒன்றில் மூத்த சிற்பி ஒருவர் வாகை மரத்தில் உருவம் வடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கையில் உளியும் கொட்டாப்புளியும் இருந்தும், உருவத்தின் முகத்தை மட்டும் தொடாமல் பீடத்தையே செதுக்கிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். "காலையில வீட்டுல ஒரு மனவருத்தம்மா. மனசு சரியில்லாத நாள்ல முகவேலை எடுக்க மாட்டோம், கண்ணு கெட்டுப்போகும்" என்றார். கலங்கிய மனத்தோடு கடினமான வேலையைச் செய்தால் நுட்பம் கெடும் என்பது அவருக்குத் தொழில்வழி வந்த அறிவு. நாமோ, கலங்கிய மனத்தோடு இருக்கும் பிள்ளையை எழுப்பி, அவனுக்கு மிகக் கடினமான கணக்கையே அப்போது கேட்கிறோம்!

அயல்நாட்டு ஆய்வொன்றும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பிரிட்டனின் பி.டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்பு நிலையங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 1,800 விற்பனையாளரை, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் ஆறு திங்கள் கவனித்தனர். வாரந்தோறும் தம் மனநிலையை ஒரு முகக்குறியால் அவர்கள் தெரிவித்தனர். மகிழ்ச்சியாயிருந்த வாரங்களில் அவர்களது விற்பனை ஏறத்தாழ 13 விழுக்காடு மிகுந்திருந்தது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. அவர்கள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை. அதே நேரத்தில் மிகுதியான அழைப்புகளை ஏற்றனர். அவற்றுள் மிகுதியானவற்றை விற்பனையாக்கினர். கடை வைத்திருப்போரும், பண்ணையில் ஆளமர்த்தி வேலை வாங்குவோரும் நம்மிடையே உள்ளனர். வைவதால் வேலை விரைவது போலத் தோன்றும். ஆயினும் வைபவர் திரும்பியவுடன் கையும் நின்றுவிடும் என்பதை அவர்கள் தம் அனுபவத்தாலேயே அறிவர்.

தமிழகப் பள்ளிகள் கண்ட மாற்றம்

எம் பணிக்காலத்துக்கும் இன்றைக்கும் இடையே தமிழகப் பள்ளிகளில் நிகழ்ந்த மாற்றங்களை நோக்கினால், அவற்றுள் பல இக்கருத்தையே நடைமுறைப்படுத்தியவை என்பது விளங்கும்.

முதலாவது, உணவு. 1920இலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தையும், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தையும் தொடங்கினர். ஆயினும் காலைப் பசிக்கு இவற்றால் தீர்வு இல்லை. 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் சேர்ந்தன. அவற்றுள் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஒரு தட்டு உப்புமாவோ பொங்கலோ உண்டபின் வாய்பாடு ஒப்பிக்கும் வாய்ப்பு எம் மாணவிக்குக் கிட்டவில்லை.

இரண்டாவது, அஞ்சாமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடைசெய்கிறது. அடி மட்டுமன்றி, பலர் முன் இழிவுபடுத்துவதும் குற்றம் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, கற்பிக்கும் முறை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி ஊர்ப்புறப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை அதற்கு முன்மாதிரி. அப்போது மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் அதனை ஊக்கத்துடன் வளர்த்தார். 2007-08இல் அது மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். தம் உயரத்துக்கு ஏற்ற தாழ்வான கரும்பலகையில் எழுதினர். ஏணிப்படிபோல் அமைந்த அட்டைகளைத் தத்தம் விரைவுக்கேற்பக் கற்று ஏறினர். ஓராசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கவேண்டிய மலைப்பள்ளிகளுக்கு இம்முறை பொருத்தமாயிருந்தது. பின்னர் வந்த பாடத்திட்ட மாற்றங்களில் அம்முறை அவ்வடிவில் தொடரவில்லை. எனினும் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, ஆடல் பாடல் வழியே அடிப்படைத் திறன்களைக் கற்பிக்க முற்பட்டது. புதுதில்லியிலோ 2018 ஜூலையில் மகிழ்ச்சிக்கென்றே 45 நிமிடப் பாடவேளை ஒன்று தொடங்கப்பெற்றது; தலாய் லாமா அதனைத் தொடங்கிவைத்தார்.

மகிழ்ச்சி என்பது வேடிக்கையன்று

இங்கே ஓர் ஐயம் எழலாம். "பிள்ளைகளைச் சிரிக்கவைத்தால் போதுமா? உழைக்கவேண்டாவா?" என்று முதியோர் வினவுவர். நியாயமான வினாவே. பாடமில்லாத வெறும் விளையாட்டும் பிள்ளைகளை வளர்ப்பதில்லை. கடுக்காயோடு நுழைந்த மாணவ ஆசிரியை, கடுக்காயோடு நிறுத்தியிருப்பின் அன்று வேடிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கும். காயிலிருந்து கோட்டுக்கும், கோட்டிலிருந்து எண்ணுக்கும் அவர் படிப்படியாக அழைத்துச் சென்றார். ஒவ்வொரு படியும் சற்றே கடினம், ஆயினும் எட்டக்கூடியது. முயன்று எட்டியபோது பிறந்த மகிழ்ச்சியே "இன்னொரு கணக்கு" என்று கேட்கவைத்தது. வகுப்பறைக்கு வேண்டிய மகிழ்ச்சி, உண்ட வயிறும், அஞ்சாத நெஞ்சும், எட்டக்கூடிய உழைப்பும் சேர்ந்து தருவதாகும்.

"நாங்கள் அடிபட்டுத்தானே முன்னேறினோம்" என்பாரும் உளர். அவ்வாறு கூறுவோர் வகுப்பில் நிலைத்து நின்றவர்கள். நில்லாமற் போனவர்கள் இன்று நம்மிடம் வந்து சாட்சி சொல்வதில்லை. சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பெயர்களையும் எண்ணிப் பார்த்த பின்னரே பிரம்பின் பயனை நாம் கணக்கிடவேண்டும்.

இன்னொன்றும் கூறவேண்டும். ஆசிரியரின் மனம் வாடியிருந்தால் வகுப்பு மலராது. மலைப்பள்ளியில் பணியாற்றும் இளம் ஆசிரியை குடும்பத்தைப் பிரிந்து, பேருந்து அரிதான ஊரில் தனித்திருப்பார். அவரைப் பார்வையிட வருவோர் குறைகளை மட்டும் எழுதிவிட்டுச் செல்வது எக்காலத்தும் உள்ள வழக்கம். யாமும் அவ்வாறு எழுதியவர்களே. பிற்காலத்தில் ஒரு நிறையை முதலில் எழுதி, அதன்பின் ஒரு குறையை எழுதும் வழக்கத்தை மேற்கொண்டோம். அச்சிறு மாற்றத்துக்குப் பிறகு ஆசிரியைகள் தம் இடர்ப்பாடுகளைத் தாமே எம்மிடம் எடுத்துரைக்கத் தொடங்கினர்.

செய்யத் தக்கன

ஆசிரியராயிருப்போர்க்கு: காலையில் முதல் ஐந்து நிமிடம் பாடத்துக்கு முன் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். தாமதமாக வந்த பிள்ளையிடம் காரணத்தைத் தனியே வினவுங்கள். அன்றைய முதற் கணக்கு, வகுப்பில் மிகப் பின்தங்கிய பிள்ளையும் செய்யக்கூடியதாயிருக்கட்டும். தவறான விடை வந்தால், "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். அவ்விடையிலேயே பிழை நுழைந்த இடம் தெரிந்துவிடும். நீங்கள் தவறும் நாளில், "நான் தவறினேன்" என்று பிள்ளைகள் முன் சொல்லுங்கள்.

பெற்றோர்க்கு: மாலையில் பிள்ளை வந்தவுடன் மதிப்பெண்ணைக் கேளாதீர்கள். "இன்று எது நன்றாயிருந்தது?" என்று கேட்டு, விடையை முழுதும் செவிமடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சென்ற மாதம் இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள். வீட்டுத் துயரை ஆசிரியரிடம் ஒரு சொல்லால் தெரிவித்து வையுங்கள். பிள்ளை நெடுநாள் முகம் வாடியிருப்பின், கடிந்துகொள்ளாமல் ஆசிரியரையும் மருத்துவரையும் நாடுங்கள்.

வேலை வாங்குவோர்க்கு: வேலையாள் தவறியதைத் தனியே சொல்லுங்கள், நன்கு செய்ததைப் பலர் முன் சொல்லுங்கள். கூலியை உரிய நாளில் கொடுங்கள். கூலிக்கு ஏங்கும் மனம் வேலையில் நில்லாது.

இல்லத்தார் கூடிச் சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் பள்ளி நாளில் எந்தப் பாடம் உங்களுக்கு இனித்தது? அது பாடத்தால் இனித்ததா, கற்பித்தவரால் இனித்ததா?

2. வீட்டில் தடையின்றிச் சொன்ன பாடத்தை உங்கள் பிள்ளை பள்ளியில் மறந்தது உண்டா? அன்று காலை வீட்டில் நிகழ்ந்தது யாது?

3. 78 கடுக்காயை ஐவருக்குப் பங்கிட்ட சிறுவன், மீதியைத் தங்கைக்கு அளித்தான். இக்கணக்கில் அவன் கற்றிருந்தவை எத்தனை?

4. சென்ற ஒரு வாரத்தில் உங்கள் பிள்ளையிடமோ, உங்களிடம் வேலை செய்வோரிடமோ நீங்கள் கூறிய நல்ல சொற்கள் எத்தனை, கடுஞ்சொற்கள் எத்தனை? நேர்மையாக எண்ணிப் பாருங்கள்.

இவ்வினாக்களை எழுதி முடித்தபின், நான்காவது வினாவை எம்மையே கேட்டுக்கொண்டோம். பெயர்த்தி நேற்று ஒரு கூட்டல் கணக்கில் தவறியபோது, எழுபதைக் கடந்த இவ்வயதிலும் எம் குரல் உயர்ந்தது. அவள் முகம் கவிழ்ந்ததைக் கண்டதும் மலைமேற் கண்ட சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துவந்து அவள் அருகில் அமர்ந்தோம். சிறிது நேரத்தில் அவளே அடுத்த கணக்கைக் கேட்டாள்.

அடிவாரத்துப் பள்ளியிலிருந்து மலையேறிச் சென்ற அச்சிறுமி இன்று எங்கேனும் ஒரு பாட்டியாய் இருப்பாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எமக்கு வழியில்லை. ஆதலின் அவளுக்குச் சொல்லவேண்டியதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறோம். உங்கள் வகுப்பிலோ இல்லத்திலோ தலைகவிழ்ந்து நிற்கும் பிள்ளை இருப்பின், வாய்பாட்டைக் கேட்பதற்கு முன் அது உண்டதா, அஞ்சுகிறதா என்று கேளுங்கள்.